வானத்துப் பலகாரம்

கேள்வி: நடக்காத கனவை ஆங்கிலத்தில் ‘பை இன் தி ஸ்கை’ என்கிறார்களே, வானத்தில் பலகாரத்தைக் கொண்டுபோய் வைத்தது யார்?

பதில்: ஜோ ஹில். சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தொழிலாளி; பாட்டுக் கட்டுவதில் சூரர். அன்று சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பினர் தெருமுனையில் பாண்டு வாத்தியத்தோடு பக்திப் பாடல் பாடி, பசித்த கூலிகளுக்கு மறுமையில் ஆறுதல் உண்டு என்பார்கள். அப்படியொரு பாடலின் மெட்டிலேயே 1911-இல் ஹில் எதிர்ப்பாட்டு எழுதினார். வயிறு இன்றைக்கல்லவா காய்கிறது! பலகாரம் வானேறியது அந்தப் பாட்டில்தான்.

நடக்காத கனவுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு தொடரும் உண்டு: ‘பைப் டிரீம்’. அது இதற்கும் மூத்தது. அபின் குழாய்ப் புகையில் பிறந்த கனவு.

இரண்டில் ஹில்லின் தொடருக்கே கூர்மை அதிகம். கனவு கண்ட ஏழையை விட்டுவிட்டு, அதைக் காட்டி ஏய்த்தவரைக் குத்துகிறது.

கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஹில்லை 1915 நவம்பரில் யூட்டா மாநிலம் சுட்டுக் கொன்றது. அவருடைய தொடர் இன்று ஆங்கில அகராதிகளில் இருக்கிறது.