கத்திக்கு வந்த கஷ்டகாலம்

பழைய ஜப்பானில் ஒரு வாள்வித்தைப் பள்ளி தொடங்க ஆசைப்பட்டால், முதலில் ஊரைவிட்டுக் கிளம்பி ஏதாவதொரு கோயிலிலோ மலையிலோ போய்த் தங்க வேண்டும். தெய்வமோ பூதமோ நேரில் வந்து வித்தையைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். நானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிற ஆசானிடம் எவன் வந்து சேருவான்?

இயிசாசா சோய்சாய் இயெனாவோ இதை முறைப்படி செய்தவர். இன்றைய சிபா மாகாணத்தில் இருக்கிற கடோரி கோயிலில், அறுபது வயதுக்கு மேல், 1000 நாள் விரதம் இருந்தார். முடிவில் அந்தக் கோயிலின் தெய்வமான ஃபுட்சுனுஷி ஒரு சிறுவன் வடிவில் வயசான பிளம் மரத்தின் உச்சியில் தோன்றி, போர்க்கலைச் சுவடியைக் கொடுத்துவிட்டு மறைந்தார். 'தென்ஷின் ஷோதென் கடோரி ஷிந்தோ ரியூ' பிறந்த கதை இது. அவ்வளவு உச்சியில் ஏன் ஏறி நின்றார் என்று எந்தச் சீடனும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆசான் 1387இல் பிறந்து 1488இல் மறைந்தார் என்பது பள்ளியின் கணக்கு. கத்தி பிடித்தவருக்கு நூறு வயதா என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்குப் பள்ளியிலேயே பதில் இருக்கிறது. யாராவது சண்டைக்கு வந்தால் அவர் வாளைத் தொடவே மாட்டாராம். குட்டை மூங்கில் புதரின் மேல், ஒரு தண்டுகூட வளையாமல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாங்க, நீங்களும் இப்படி வந்து உட்காருங்க" என்று கூப்பிடுவாராம். வந்தவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். நூறு வயதுக்கு வேறு ரகசியம் தேட வேண்டியதில்லை.

மூசோ கொன்னொசுகே கதையும் இதே ரகம். அவர் பேர்போன வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியிடம் தோற்றுப் போனார். இதை அவருடைய பரம்பரைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மனசு விட்டுப்போய் கியூஷு தீவின் ஹோமான் மலையில் தவம் கிடந்தபோது கனவில் ஒரு தெய்வச் சிறுவன் வந்து தடியை எடுக்கச் சொன்னான். இங்கேயும் சிறுவன்தான். இந்த வேலைக்கு ஜப்பானியத் தெய்வங்கள் பெரியவர்களை அனுப்புவதே இல்லை போலிருக்கிறது.

சாமி கொடுத்த வித்தை ஆயிற்றே, வெளியே கசியக் கூடாது. எனவே கடோரி பள்ளியில் சேருகிறவன் விரலைக் கீறி, சத்தியப் பத்திரத்தில் ரத்தம் வைக்க வேண்டும். கற்றதைப் பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும்கூடச் சொல்லக் கூடாது. சூதாடக் கூடாது. அனுமதியில்லாமல் வேறு பள்ளிக்காரனோடு மோதக் கூடாது. முதல் விதி எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எந்த அம்மா மகனிடம், "கழுத்தை எந்தப் பக்கமிருந்து வெட்டணும்னு சொல்லிட்டுச் சாப்பிடுடா" என்று கேட்டிருக்கிறாள்?

1638இல் ஷிமாபரா கலகம் அடங்கியதும் பெரிய சிக்கல் வந்தது. அமைதி! இரண்டு நூற்றாண்டுக்கு மேல், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு போர் கிடையாது. இடுப்பில் இரண்டு வாள், கையில் அரிசிச் சம்பளம், வெட்ட ஆள் இல்லை. இப்படிப்பட்ட காலத்தில் வாள்வித்தைப் பள்ளிகள் குறைந்திருக்க வேண்டும், ஆனால் நூற்றுக்கணக்கில் பெருகின. போர் இருந்தால் எந்தப் பள்ளி உசத்தி என்று மாலைக்குள் தெரிந்துவிடும். போர் இல்லாதபோது எல்லாமே உசத்திதான்.

சான்றிதழ்களும் பெருகின. கிரிகாமி, மோகுரோகு, மென்க்யோ என்று படிப்படியாகச் சுருள்கள். ஒவ்வொரு படிக்கும் ஆசானுக்குக் காணிக்கை, ஆசானின் ஆட்களுக்குக் காணிக்கை. வித்தையைக் கடைச்சரக்காக்கி விற்கிறார்கள் என்று முசாஷி தன்னுடைய 'கோரின் நோ ஷோ'வில் அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொண்டது 1645இல். வியாபாரம் சூடு பிடித்தது அதற்கப்புறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிபா ஷூசாகு என்ற ஆசான் இத்தோ பரம்பரையின் எட்டுப் படிகளை மூன்றாகக் குறைத்தார். எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) அவருடைய கென்புகான் பள்ளியில் கூட்டம் அலைமோதியது. எட்டுத் தடவை காசு கட்டுவதற்கும் மூன்று தடவை கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் சாமுராய்க்குத் தெரியாதா என்ன!

அந்த சிபா குடும்பம் நடத்திய இன்னொரு பள்ளியில் படித்தவர்தான் சகாமோட்டோ ரியோமா. நாவல், சினிமா, தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றிலும் பெரிய வாள்வீரராக வருகிறவர். 1858 தேதியிட்டு இன்றைக்கும் கைக்குக் கிடைக்கிற அவருடைய சுருள், வாளுக்கானது இல்லை. நீண்ட காம்பில் வளைந்த அலகு பொருத்திய நாகினாத்தாவுக்கானது. அந்த அமைதிக் காலத்தில் சாமுராய் வீட்டுப் பெண்கள் பழகிய ஆயுதம். சுருளில் சிபா வீட்டுப் பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. சினிமாக்காரர்கள் இந்தச் சுருளைப் பக்கத்தில் காட்டுவதில்லை.

யாக்யூ என்ற வாள்வித்தைக் குடும்பம் மட்டும் அன்றைக்கே விவரம். 1594இல் யாக்யூ முனெயோஷி, பிரபு தொக்குகாவா இயெயாசுவின் முன்னால் வெறுங்கையோடு நின்று வாளைப் பிடுங்கிக் காட்டினார். வேலைக்கு வாருங்கள் என்றார் இயெயாசு. எனக்கு வயதாகிவிட்டது, மகனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முனெனோரியை முன்னால் தள்ளினார் கிழவர். மகன் ஷோகன் எனப்பட்ட ராணுவ ஆட்சியாளர்களுக்கு ஆசானாகி, கடைசியில் சிற்றரசராகவே ஆனார். ஓவாரியில் வேரூன்றிய கிளை இன்னும் ஒரு படி மேலே போய், ஊர்ப் பிரபுவுக்கே பள்ளித் தலைமையைக் கொடுத்தது. அடுத்து யாக்யூ வாரிசு, அதற்கடுத்து மறுபடி பிரபு. சம்பளம் தருகிறவரே குருவாகவும் இருந்தால் பள்ளியை யார் மூடுவது?

ஊரையே மூடினால்தான் உண்டு. 1868இல் அதுதான் நடந்தது. ஷோகன் ஆட்சி கவிழ்ந்தது. 1871இல் சிற்றரசுகள் கலைந்தன. 1876இல் வாள் அணியத் தடை வந்தது, அதே ஆண்டில் சாமுராய்களின் பரம்பரைச் சம்பளமும் போயிற்று. பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் வித்தையைக் காத்த ஆசான்கள், விறகு வெட்டப் போகலாமா, ரிக்‌ஷா இழுக்கலாமா என்று யோசிக்கிற நிலைமை.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வருகிறார். சகாகிபாரா கென்கிச்சி, ஜிக்கிஷின்காகே பரம்பரையின் 14ஆம் தலைவர், ஒரு காலத்தில் ஷோகனின் மெய்க்காவலர். சீடர்கள் பட்டினி. 1873இல் அவர் டோக்கியோவின் அசாகுசா பக்கம் ஒரு திடலைப் பிடித்து, வேலி கட்டி, டிக்கெட் போட்டுவிட்டார்.

ஏற்பாடெல்லாம் அப்படியே சுமோ மல்யுத்தத்திலிருந்து எடுத்தது. கிழக்கு அணி, மேற்கு அணி, நடுவர், பெயரை இழுத்துக் கூவி அழைக்கிற அறிவிப்பாளர். முகக்கவசமும் மார்க்கவசமும் மாட்டிய முன்னாள் சாமுராய்கள் மூங்கில் வாளோடு இறங்கி விளாசினார்கள். பெண்கள் நாகினாத்தாவோடு வந்தார்கள். நேற்றுவரை சாமுராய் வந்தால் தலை குனிந்து ஒதுங்கிய மீன்காரரும் தச்சரும் காசு கொடுத்து உள்ளே வந்து, "போடு அவனை!" என்று கத்தினார்கள். பரம்பரை பரம்பரையாகப் பயந்ததற்கு வசூல்!

கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. உடனே தெருவுக்குத் தெரு போட்டிக் குழுக்கள் முளைத்தன. ரசிகர்கள் கை தட்டுவதற்காகத் தேவையில்லாத கூச்சல், தேவையில்லாத துள்ளல் எல்லாம் சேர்ந்தன. புனிதமான வித்தையைக் கூத்தாக்கிவிட்டான் என்று பெரிய மனிதர்கள் வாய் வலிக்கத் திட்டினார்கள். அவர்களில் ஒருவரும் சீடர்களின் அரிசிக்கு ஏற்பாடு செய்ததாகச் செய்தி இல்லை. சில மாதங்களில் டோக்கியோவில் அரசாங்கம் தடை போட்டது. ஆட்டம் வெளியூர்களுக்குப் போயிற்று.

கென்கிச்சி மசியவில்லை. கடைசிவரை உச்சிக் குடுமியை எடுக்கவில்லை. வாள் கூடாதென்றதும் இடுப்பில் தொங்கவிட வசதியாகக் கொக்கி வைத்த மரத்தடி ஒன்றும், மரத்திலேயே செய்த விசிறி ஒன்றும் வைத்துக்கொண்டார். விசிறிக்கு அவர் வைத்த பெயர் 'பிடிவாத விசிறி'. 1880களில் பேரரசர் முன்னிலையில் இரும்புத் தலைக்கவசத்தை வாளால் வெட்டும் பரீட்சை வைத்தார்கள். மற்றவர்களின் வாள் வழுக்கியது. 'கூத்தாடி'யின் வாள் கவசத்துக்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது.

அவரிடம் சில காலம் தங்கிப் படித்ததாகச் சொல்லப்படுகிறவர் தக்கேதா சோகாக்கு. தன்னுடைய தைத்தோ ரியூ பள்ளி, பழங்காலப் போர்வீரர் மினாமோட்டோ யோஷிமிட்சு காலத்திலிருந்து வருகிறது என்றார். அதாவது எழுநூறு, எண்ணூறு வருஷம். சோகாக்குவுக்கு முன்னால் எழுத்துச் சான்று தேடிப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சான்றுக்குக் குறைவே இல்லை. எழுதப் படிக்க வராத மனிதர், போன ஊரிலெல்லாம் சீடர்களையே பெயரெழுதி முத்திரை வைக்கச் சொல்லி, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் நம்மூர் மொய் நோட்டு மாதிரி பதிந்து வைத்தார். 1915இல் ஹொக்கைடோவில் அவரிடம் மாட்டிய மொரிஹெய் உயெஷிபாதான் பின்னால் ஐக்கிடோவை உருவாக்கினார்.

போலீஸ் புண்ணியத்தையும் சொல்ல வேண்டும். 1877 சத்சுமா கலகத்தில் வாளேந்திய போலீஸ் படை தபாருசாக்காவில் பாய்ந்து பெயர் வாங்க, வாளுக்கு மறுபடி அரசாங்கச் சோறு கிடைத்தது. கனவில் சிறுவன் எடுக்கச் சொன்ன தடியும் 1930களில் டோக்கியோ போலீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த அமெரிக்கர்கள் இன்னொரு முறை எல்லாவற்றையும் பூட்டினார்கள். வாள் வேண்டாம், விளையாட்டாக ஏதாவது செய்கிறோம் என்று சட்டை, பேன்ட் போட்டு மூங்கில் வாளோடு ஆடி அந்தக் காலத்தையும் ஓட்டினார்கள். கடோரி பள்ளிக்கு அதற்கு முன்பே வேறு சோதனை: 1896இல் 18ஆம் தலைவர் ஆண் வாரிசு இல்லாமல் போய்ச் சேர, மூத்த சீடர்கள் கூடி நடத்தினார்கள். 1960இல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பெற்றோரிடமும் சொல்லக் கூடாத அந்த வித்தையைப் பற்றி, ஆசான் ஓட்டாகே ரிசுகே 1970களில் ஆங்கிலத்தில் மூன்று பாகம் புத்தகம் வெளியிட்டார். 1983இல் பிபிசி படம் பிடித்துப் போட்டது.

சகாகிபாரா கென்கிச்சி 1894இல் இறந்தார். வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் என்று வசவு வாங்கிய அந்த மனிதரை, 2003இல் அகில ஜப்பான் கெண்டோ (வாள்வித்தை) கூட்டமைப்பு தன் சாதனையாளர்கள் வரிசையில் சேர்த்து கௌரவித்தது. டிக்கெட் போட்டது பற்றி யாரும் ஆட்சேபிக்கவில்லை.