தின்னவேலி நீதியரசர்

பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒருத்தன் "மேற்சொன்ன வடையில் இன்னுமொன்று" என்று கேட்டால், சட்டத்துறைப் பெடியன் என்று அறிக. தீர்ப்பெழுதப் பழக்கத் தொடங்கின கிழமை பிடித்த வருத்தம் இது. அதுக்கு முதல் நல்ல பிள்ளை.

வளவும் அப்படிப்பட்டது. சொலிசிற்றர் ஜெனரலாக இருந்து, பழைய வழக்குத் தீர்ப்புகளையும் தொகுத்த சேர் பொன். இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரி தொடங்கின மண்ணல்லோ, இப்ப பல்கலைக்கழகம்.

1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 187ஆம் பிரிவு தீர்ப்பில் கேட்பது நாலே நாலு: வழக்கின் சுருக்கம், தீர்க்கவேண்டிய பிரச்சினைகள், முடிவு, அதுக்குக் காரணம். எங்கட நீதியரசருக்குச் சுருக்கத்துக்கே ஆறு பக்கம் வேணும்.

பயிற்சிக்கு வந்தது இரண்டு பரப்புக் காணி. அண்ணன் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுப்போட்டான். "எனக்கல்லோ முதல் கேட்டிருக்கவேணும்" என்று தம்பி வழக்கு. தேவைப்பட்டது தேசவழமை முன்கொள்வனவு பற்றிய 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அது ஒன்பதாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது. அதுவரை 1706இல் தேசவழமையைத் தொகுத்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், அதைச் சரிபார்த்த பன்னிரண்டு முதலிமார் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். விரிவுரையாளர் கடைசித் தாளின் பின்பக்கத்தையும் பிரட்டிப் பார்த்தார்.

"தம்பி, காணி இப்ப ஆருக்கு?"

"ரெண்டு பக்கத்திலையும் நியாயம் இருக்கு சேர்."

"அதுதானே அவையள் கோட்டுக்கு வந்தவை!"

தங்கியிருந்த வீட்டிலும் ஒரு வழக்கு. பக்கத்து வளவு முருங்கை வேலி தாண்டித் தொங்குது, காய் ஆருக்கு என்று அன்ரி வாய்தவறிக் கேட்டுவிட்டார். உடனே தலத்தரிசனம், கதியால் கதியாலாக எண்ணிக்கை, முருங்கையின் வயது குறித்து மூன்று பந்தி. தீர்ப்பு மூன்று நாள் தள்ளிப்போனது. அன்ரி பொறுத்துப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலால் எட்டி, "பிள்ளை, நாலு காய் பிடுங்கிறன்" என்றார். "பிடுங்குங்கோ அக்கா, முத்தப்போகுது" என்று பதில் வந்தது. வழக்கு முடிந்தது. எங்கட ஆளுக்குத்தான் முகம் விழுந்துபோச்சு, நாற்பத்திரண்டாம் கதியாலில் நின்றவர்.

மத்தியானம் அந்த முருங்கைக்காய்க் கறிதான். மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டார்.

"கறி எப்பிடி ராசா?"

நீதியரசர் விரல் சூப்பி, கண்ணை மூடி யோசித்தார். "தீர்ப்புக்குத் தவணை அன்ரி. வெள்ளிக்கிழமை."

அன்ரி சட்டியை மூடிக் குசினிக்குள் கொண்டுபோனார்.