லெவராக் பேரில் ஓர் அர்ச்சனை

உலகக் கோப்பையில் இந்தியா தோற்றால் துக்கம் ஒரு ராத்திரியோடு போய்விடும். தோற்ற பிறகு எவனாவது வந்து "இன்னும் சான்ஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டால்தான் ஆபத்து. அந்த ஒரு சொல்லை நம்பி மனுஷன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதை 2007 மார்ச்சில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மிக அருகில் இருந்து பார்த்தேன். இறங்கியவர்களில் நானும் ஒருவன்.

சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் எங்கள் மேன்ஷனின் ஒரே பெருமை. அறையில் காலை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கும். தண்ணீர் காலை ஆறு மணிக்கு வந்து, நாம் சோப்புப் போட்டதும் நிற்கும். டிவி கீழே மேனேஜர் மேஜைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் வேண்டும். மேனேஜர் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "ஆளுக்கு அம்பது ரூவா குடுங்க, பெட்டி மாட்டிருவோம். ஆனா கோப்பை முடிஞ்சா பெட்டி எனக்கு" என்றார். ஒன்றரை மாதத் திருவிழா ஆயிற்றே என்று சந்தோஷமாகக் கொடுத்தோம்.

போட்டி மேற்கிந்தியத் தீவுகளில். அங்கே காலை ஒன்பதரைக்கு டாஸ் முடிந்து பந்து போட்டால் இங்கே மாலை ஏழு. ஆட்டம் முடிய ராத்திரி இரண்டரை ஆகும். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார வசதியான நேரம். முன்வரிசை மூன்று பேருக்கு நிரந்தரம். ஒருவர் மெடிக்கல் ரெப். தோற்றால் முதலில் எழுந்து திட்டுவதும் ஜெயித்தால் முதலில் பட்டாசு வாங்கப் போவதும் அவர்தான். இன்னொருவர் உதவி இயக்குநர். எந்த ஆட்டத்தையும் திரைக்கதையாகத்தான் பார்ப்பார். மூன்றாவது, ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் செய்துகொண்டிருந்த பையன். கையில் எப்போதும் கால்குலேட்டர் இருக்கும்.

மார்ச் 17, சனிக்கிழமை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பங்களாதேஷ். ஜமைக்காவில் அதே நேரம் பாகிஸ்தான், அயர்லாந்திடம் திணறிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் அந்த ஸ்கோர் ஓடும்போதெல்லாம் நாங்கள் சிரித்தோம். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் அடுப்பு நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. கங்குலி 129 பந்து நின்று 66 எடுத்தார். சேவாக் 2, சச்சின் 7, தோனி 0. மொத்தம் 191. அப்புறம் 17 வயதுப் பையன் தமீம் இக்பால் இறங்கி வந்து ஜாகீர் கானைத் தூக்கிக் கூட்டத்துக்குள் அடித்தான். மேன்ஷனில் யாரும் பேசவில்லை. உதவி இயக்குநர் மட்டும், "ஹீரோ முதல்ல அடி வாங்கணும் சார், அப்பதான் செகண்ட் ஹாஃப் நிக்கும்" என்றார். ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் அடி வாங்கினோம்.

ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல் கூட்டம் பாய்ந்தது என்று மறுநாள் செய்தி வந்தது. எங்கள் ரெப் அவ்வளவு தூரம் போகிறவர் இல்லை. தோனியின் முடியோடு நிறுத்திக்கொண்டார். "அதை வெட்டுனாதான் பந்து கண்ணுக்குத் தெரியும்" என்பது அவர் முடிவு. மிச்சப் பழியெல்லாம் பயிற்சியாளர் கிரெக் சாப்பலுக்கு. அன்று மேன்ஷனில் தண்ணீர் வராததற்கும் அவர்தான் காரணம் என்று பேச்சு.

திங்கட்கிழமை பெர்முடா. அதுவரை பெர்முடா என்றால் எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு: மேன்ஷனில் எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிந்த அரை டவுசர், கப்பல்களை விழுங்குவதாகச் சொல்லப்படும் முக்கோணம். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே அறுபதாயிரத்துச் சொச்சம். அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். இதில் பதினொரு பேரைப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டுவைன் லெவராக். எடை சுமார் 127 கிலோ. தொழில், கைதிகளை ஏற்றிச் செல்லும் போலீஸ் வேன் ஓட்டுவது. உத்தப்பா மட்டையில் பட்டு ஸ்லிப் பக்கம் போன பந்தை அந்த ஆள் ஒரு பக்கமாகப் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்தார். விழுந்தவர் எழுந்து மைதானத்தில் ஓடினார். அவ்வளவுதான், மேன்ஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ரெப் அவருக்கு அங்கேயே 'ரோடு ரோலர்' என்று பெயர் வைத்தார்.

சிரித்துக்கொண்டே 413 அடித்தோம். உலகக் கோப்பையில் 400ஐத் தாண்டிய முதல் ஸ்கோர் அதுதான். லெவராக் போட்ட பத்து ஓவரில் மட்டும் 96 ரன். ஆட்டத்தை 257 ரன்னில் ஜெயித்தோம். "இன்னும் நாலு அடிச்சிருக்கலாம்" என்று ஆர்ட்டிகிள்ஸ் பையன் மட்டும் குறைப்பட்டான்.

வெள்ளிக்கிழமை இலங்கை. ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம். சச்சின் 0. தோனி வந்த முதல் பந்திலேயே முரளிதரனிடம் எல்.பி.டபிள்யூ. முரளி நம்ம சென்னை மாப்பிள்ளை என்று ஆட்டத்துக்கு முன்பு வரை பெருமைப்பட்டவர்கள், "மாமியார் ஊருன்னு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று கேட்டார்கள். 69 ரன்னில் தோற்றோம். திராவிட் முகத்தை கேமரா காட்டியது. அதைப் பார்க்க முடியாமல் அண்ணாச்சியே விளக்கை அணைத்தார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

எல்லோரும் பாயைச் சுருட்டப் போன நேரத்தில்தான் இருட்டில் கால்குலேட்டர் பொத்தான் சத்தம் கேட்டது.

"இன்னும் சான்ஸ் இருக்கு."

விளக்கு மறுபடி எரிந்தது. பையன் விளக்கினான். ஞாயிற்றுக்கிழமை பெர்முடா பங்களாதேஷை ஜெயித்தால் மூன்று அணிக்கும் இரண்டிரண்டு பாயிண்ட். அப்போது ரன் ரேட்தான் கணக்கு. 257 ரன்னில் ஜெயித்த புண்ணியத்தில் நம்மை யாரும் நெருங்க முடியாது. அடுத்த சுற்றான சூப்பர் எட்டுக்குள் போய்விடலாம்.

"பெர்முடா ஜெயிக்குமா?" என்றார் ஒருவர்.

"அவங்களும் பதினோரு பேர்தானே சார்?"

இலங்கையிடம் 78 ரன்னுக்குச் சுருண்ட பதினொரு பேர் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாகரிகம் கருதித்தான்.

சனிக்கிழமை விடிந்தபோது மேன்ஷனில் எல்லோரும் பெர்முடாக்காரர்கள். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து லெவராக்கின் ஜாதகத்தையே பிரிண்ட் எடுத்து வந்தார் ரெப். "அந்த உடம்பை வெச்சுக்கிட்டு அந்த கேட்சைப் பிடிச்சான்னா ஆளு லேசுப்பட்டவன் இல்லை" என்றார். போலீஸ் உத்தியோகம் என்பதால் பொறுப்பு இருக்கும் என்றார் இன்னொருவர். ரோடு ரோலர் என்று யாரோ பழைய ஞாபகத்தில் சொல்ல, "ஒரு மனுஷனை உருவத்தை வெச்சுக் கிண்டல் பண்ணாதீங்க சார்" என்று ரெப் கடிந்துகொண்டார். பெயர் வைத்தவரே அவர்தான்.

ஞாயிறு காலை தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு ஐந்தாறு பேராகப் போனோம். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் சேர்த்து அர்ச்சனைத் தட்டு. குருக்கள் கேட்டார், "யார் பேருக்கு?"

"லெவராக்" என்றார் ரெப்.

குருக்கள் ஒரு நிமிஷம் பார்த்தார். "நட்சத்திரம்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜாதகம் பிரிண்ட் எடுத்த மனுஷன் இதைப் பார்க்கவில்லை. கடைசியில் உதவி இயக்குநர்தான் காப்பாற்றினார். "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க."

சுவாமி என்ன நினைத்தாரோ, சாயங்காலம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மழை. மழையில் ஆட்டம் நின்றால் ஆளுக்கு ஒரு பாயிண்ட். பங்களாதேஷுக்கு மூன்று ஆகிவிடும், நமக்குக் கதவு சாத்தியாகிவிடும். கோடை தொடங்கிக் குழாயில் காற்று வரும் ஊரில் உட்கார்ந்து, "மழை நிக்கணும் பிள்ளையாரப்பா" என்று வேண்டிக்கொண்டவர்கள் அன்று எங்களைத் தவிர வேறு யார் இருந்திருப்பார்கள்? வேண்டுதல் பலித்தது. 21 ஓவர் ஆட்டம். பெர்முடா 9 விக்கெட்டுக்கு 94.

"ஓவருக்கு நாலரை எடுக்கணும். பிட்ச் ஈரமா இருக்கு. கஷ்டம்தான்" என்று பையன் கால்குலேட்டரைத் தட்டினான். நாலரை எடுப்பது கஷ்டம் என்பதை நாங்கள் மனமார நம்பினோம். அதற்கேற்றாற்போல மூன்று விக்கெட் விழுந்தது. விழுந்த ஒவ்வொன்றுக்கும் நாங்கள் போட்ட கூச்சலுக்கு எதிர் மேன்ஷனிலிருந்து பதில் கூச்சல் வந்தது. அங்கேயும் அர்ச்சனை நடந்திருக்கிறது என்று தெரிந்தது. திரையில் லெவராக் தலை தெரிந்தாலே கைதட்டல். ஆனால் நான்காவது விக்கெட் விழவே இல்லை. பங்களாதேஷ் ஏழு விக்கெட்டில் ஜெயித்து சூப்பர் எட்டுக்குப் போனது.

திட்டுவதற்கு ரெப் வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை செட் டாப் பாக்ஸ் விவகாரம் கிளம்பியது. ஒன்றரை மாதத்துக்குக் கொடுத்த பணம், இரண்டே வாரத்தில் இந்தியா வெளியே வந்துவிட்டது, பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோம். "கோப்பை இன்னும் நடக்குதுல்லா? பாக்க வேண்டியதுதானே" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். ஆனால் ஏப்ரல் 15 அன்று பார்படாஸில் இந்தியா–பாகிஸ்தான் என்று எல்லோரும் குறித்து வைத்திருந்த ஆட்டத்தில் அயர்லாந்தும் பங்களாதேஷும் ஆடின. அதை எதற்குப் பார்ப்பது? ஆஸ்திரேலியா கோப்பையை வாங்கியது. எங்கள் பெட்டியில் அண்ணாச்சி சீரியல் பார்த்தார்.

செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் டி20 உலகக் கோப்பை வந்தபோது, இருபது ஓவர் எல்லாம் ஓர் ஆட்டமா என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். சச்சின் இல்லை, கங்குலி இல்லை, திராவிட் இல்லை. கேப்டன் யார் என்றால், முடி வெட்டாத அதே தோனி. யுவராஜ் ஆறு பந்தில் ஆறு சிக்ஸர் அடித்த அன்று தீர்மானம் ரத்தானது. செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க், இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், ஒரு விக்கெட்தான் பாக்கி. பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் தோனி கொடுத்ததும், "முடிஞ்சுது, குடுத்துட்டான்" என்று ரெப் எழுந்து வாசல் வரை போய்விட்டார். மிஸ்பா ஒரு சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தைப் பின்பக்கம் தூக்கப் போய், அது ஸ்ரீசாந்த் கையில் இறங்கியது. ஐந்து ரன்னில் ஜெயித்தோம். வாசலில் நின்றவர் அப்படியே பட்டாசுக் கடைக்கு ஓடினார். "சொன்னேன்ல, செகண்ட் ஹாஃப்!" என்று உதவி இயக்குநர் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தார்.

அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, எல்லோருக்கும் லீவு. கொச்சியில் ஆஸ்திரேலியாவிடம் 84 ரன்னில் தோற்றோம். ரெப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இவனை யாருய்யா கேப்டன் ஆக்குனது?"

அண்ணாச்சி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன் வே, இவனுக்குப் பாலாபிஷேகம் பண்ணணும்னு குதிச்சது நீருதானவே?"

"அது போன வாரம், அண்ணாச்சி."