பதிவுத்திணை: இயற்பியல் முனைவர் மாணவரின் பாடப்பதிவு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வெல்லை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியலில் பிஎச்.டி. பயிலும் மாணவர், பருவந்தோறும் கணினிமுன் அமர்ந்து பாடங்களுக்குத் தம் பெயரைப் பதியும் செயலே இங்கு ஆய்வுப்பொருள். கருந்துளை, நியூட்ரினோ முதலிய எளிய பொருள்களைப் பிறர் போதிய அளவு ஆராய்ந்துவிட்டனர். கடினமான இதனை ஒருவரும் தொடவில்லை. எம்.பி.ஏ. மாணவர் இவ்வெல்லைக்குள் வாரார். அவருக்குப் பாடங்களில் தெரிவு உண்டு.

கருதுகோள்: தெரிவு குறையக் குறையப் பதிவின் பாடு பெருகும்.

முதற்பொருள்

அகத்திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்ப. இத்திணைக்கு நிலம், பல்கலைக்கழகத்தின் போர்ட்டல். பெரும்பொழுது இரண்டு: வசந்தப் பருவத்துக்கு நவம்பரை ஒட்டியும், இலையுதிர் பருவத்துக்கு ஏப்ரலை ஒட்டியும் வரும். சிறுபொழுது ஒன்றே: பதிவு திறக்கும் அந்தக் காலை நிமிடம்.

கருப்பொருள்

தெய்வம், ரெஜிஸ்ட்ரார். கண்டவர் இலர், மின்னஞ்சல் மட்டும் வரும். உணவு, கருத்தரங்கு முடிவில் எஞ்சும் பீட்சா. தொழில், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தல். மா, மரம், புள் ஆகியன திரையில் தென்படாமையின் விடப்பட்டன.

மறை, அதாவது முதலாண்டுக் கட்டாயப் பாடங்கள், நான்கு: செவ்வியல் விசையியல், மின்னியக்கவியல், குவாண்டம் விசையியல், புள்ளியியல் விசையியல். எந்த மாநிலத்தில் சேர்ந்தாலும் பெரும்பாலும் முறையே கோல்ட்ஸ்டைன் (1950), ஜாக்சன் (1962), சகுராய் (1985), பாத்ரியா (1972) என்போர் நூல்களே கையில் வந்து சேரும். ஜாக்சனின் 1998ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் முதற்பத்து இயல்கள் எஸ்.ஐ. அலகிலும் எஞ்சியவை காஸிய அலகிலும் அமைந்துள்ளன. முதலாண்டில் தெரிவு எனத் தக்கது இந்த அலகு ஒன்றே. அதையும் மாணவருக்காக ஜாக்சனே செய்துவிட்டார்.

உரிப்பொருள்

குறிஞ்சி: கூடல். சொடுக்கியவுடன் இடம் கிடைத்தல். நண்பர் சொல்லக் கேள்விப்படலாம்.

முல்லை: இருத்தல். வெயிட்லிஸ்ட்டில் மூன்றாம் இடத்தில் ஆற்றியிருத்தல். ஆசைப்படும் பொதுச் சார்பியல் பாடம் பல துறைகளில் ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஆகவே இம்முறை விட்டால் அடுத்த கார்காலமும் உதவாது. பேராசிரியருக்கு அனுமதி கேட்டு எழுதும் மின்னஞ்சல் தூதின்பாற்படும்.

மருதம்: ஊடல். தாம் படிக்கவேண்டிய வகுப்பும், சம்பளத்துக்காக இளநிலை மாணவருக்குத் தாம் நடத்தவேண்டிய லேபும் ஒரே நேரத்தில் மோதுதல். இரண்டையும் அட்டவணையிட்டது ஒரே துறைதான் என்பது ஊடலின் காரணம்.

நெய்தல்: இரங்கல். "உங்கள் கணக்கில் ஹோல்டு உள்ளது" என்னும் சிவப்பு வரியைக் கண்டு கலங்குதல். தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று தராமை, நூலகத்துக்குக் கட்டவேண்டிய அபராதம் முதலியன இதன் காரணங்கள். ஊசி போட்டபோது கைக்குழந்தையாயிருந்தவர் இப்போது நள்ளிரவில் ஊருக்கு அழைத்து, "அம்மா, அந்த மஞ்ச அட்டை பீரோல இருக்கா பாரேன்" என்பார்.

பாலை: பிரிதல். பாடத்தை டிராப் செய்தல். எஃப்-1 விசாக்காரருக்கு இவ்வுரிமை பெயரளவில்தான். முழுநேர மாணவர் என்னும் அளவுக்குக் கிரெடிட் குறையக் கூடாது. பல இடங்களில் அந்த அளவு பருவத்துக்கு 9. அதற்குக் கீழே இறங்க, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும்.

கைக்கிளை: ஒருதலைக் காதல். கிரெடிட்டும் கிரேடும் இன்றி ஆடிட் செய்து கடைசி வரிசையில் அமர்தல்.

பெருந்திணை: பொருந்தாக் கூட்டம். சென்னையில் எம்.எஸ்சி. படித்தபோதே ஜாக்சனோடு மல்லுக்கட்டியவர், முந்தைய பாடங்களைத் துறை ஏற்காவிட்டால், அதே ஜாக்சனுக்கு மீண்டும் பதிவது.

புறனடை

விதிக்கு விலக்கானோர் இருவர். சோவியத் நாட்டின் லெவ் லாண்டாவிடம் தேர்வெழுத விரும்பியவர் தொலைபேசியில் அழைத்தால் போதும். பதிவு அத்துடன் முடிந்தது, தேர்வு முடியவில்லை. 1934 முதல் 1961 வரை அவருடைய 'தியரட்டிக்கல் மினிமம்' தேர்வுகளை முடித்தவர்கள் 43 பேர். பதிவு எளிதாயின் படிப்பு கடிதாகும் எனத் துணியலாம்.

மற்றவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1940களில் அவர் விஸ்கான்சினின் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் காரோட்டி வந்து, இரண்டே மாணவர்க்குப் பாடம் நடத்தினார் என்று இயற்பியலார் சொல்வர். அவ்விருவர் லீயும் யாங்கும். 1957இல் நோபல் பெற்றனர். ஆசிரியருக்கு 1983இல்தான் கிடைத்தது. போதிய ஆள் சேராத வகுப்பை ரத்துசெய்யும் விதி இன்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அவ்விதிப்படி அந்த வகுப்பு நடந்தே இராது.

ஒழிபு

பாடங்களெல்லாம் முடிந்தபின் பதிவும் முடியும் என எண்ணுதல் மயக்கம். முனைவர் மாணவர் பருவந்தோறும் 'ஆராய்ச்சி' என்னும் பாடத்துக்குப் பதிதல் வேண்டும். வகுப்பறை இல்லை, நேரம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. ஆயினும் பல இடங்களில் நெறியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி செக்ஷன் எண் உண்டு. எண் பிறழ்ந்தால் அடுத்த அறைப் பேராசிரியரின் மாணவராகிவிடலாம். பதிய மறந்தாலோ உதவித்தொகையும் விசாவும் ஒருங்கே ஆட்டங்காணும். அப்பருவத்தில் அவர் புதிய துகளொன்றைக் கண்டுபிடித்திருந்தாலும் போர்ட்டல் அதனைக் கருத்திற் கொள்ளாது.

முடிவு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. நான்கு பாடத்தில் நான்கையும் எடுக்கவேண்டிய முதலாண்டில் பாடு மிகுதி; ஒரே 'பாடம்' உள்ள பின்னாளில் அச்சம் மிகுதி. மாணவர் எதைப் படிக்கிறார் என்பதற்காக இப்பதிவு நிகழ்வதில்லை. அவர் இன்னும் மாணவர்தாம் என்று அலுவலகத்துக்கு ஆண்டுக்கு இருமுறை மெய்ப்பிக்கவே நிகழ்கிறது. கட்டாயப் பாடங்களைத் துறைகள் தாமே பதிந்து கொடுத்துவிடலாம். அந்நன்னாள் வரும்வரை, விமானம் ஏறவிருக்கும் மாணவர்கள் ஜாக்சனை இங்கேயே விட்டுவிட்டுத் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லவும். ஜாக்சன் அங்கும் கிடைப்பார்.