இல்லறத்தில் குளியல் துண்டு: ஒரு பன்முக நோக்கு

ஆய்வின் தேவை

குளியல் துண்டுக்குத் தமிழ் ஆய்வுலகம் இழைத்துவரும் அநீதி சொல்லி மாளாது. சங்கப் பாடல்களில் பூ, புள், பறை, பரத்தை என்று எதையும் விட்டுவைக்காத நம் துறைகளின் கண்ணில், தினமும் காலையில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் பொருள் மட்டும் படவில்லை. ஒரு பொருளை யாரும் ஆராயவில்லை என்பதே அதை ஆராயப் போதிய காரணம் என்பது இங்கு வேரூன்றிய கொள்கை. ஏன் ஆராயவில்லை என்று கேட்பது மரபன்று. அந்த மரபுக்குக் கட்டுப்பட்டு இக்கட்டுரை அமைகிறது.

ஆய்வு எல்லை

தோளில் கிடக்கும் அரசியல் துண்டு, பேருந்துச் சன்னல் வழியே இருக்கையில் வந்து விழும் துண்டு, கடன் முற்றியவர் தலையில் போட்டுக்கொள்ளும் துண்டு ஆகிய மூன்றும் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பொன்னாடையும் விலக்கப்படுகிறது. கருத்தரங்குகளில் அது ஏராளமாகக் கிடைப்பினும் பெரும்பாலும் பாலியெஸ்டர்; எவ்வளவு நனைத்தாலும் ஒன்றையும் உள்வாங்காது. அதைப் போர்த்திக்கொள்வோரிடமும் இப்பண்பு ஓரளவு காணப்படுவது தனி ஆய்வுக்குரியது.

சொற்பிறப்பு

நெறியாளர் கேட்டுக்கொண்டபடி இவ்வியல் முழுவதும் நீக்கப்பட்டது. (அதில் துண்டு எகிப்து வரை போயிருந்தது.)

முன்னோடி

ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் 1850 வாக்கில் துருக்கியில் பயணம் செய்தபோது, பரப்பெங்கும் சிறுசிறு நூல் வளையங்கள் எழும்பி நின்ற கைத்தறித் துணியைக் கண்டு, மாதிரி ஒன்றை ஊருக்கு எடுத்துவந்தார். அவர் குடும்பத்தின் ஆலையில் இருந்த சாமுவேல் ஹோல்ட், அதே வளையங்களை இயந்திரத்தில் நெய்ய வழி கண்டுபிடித்தார். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அந்தத் துணி வைக்கப்பட்டது. நம் வீடுகளில் ‘டர்க்கி டவல்’ என்ற பெயர் இன்றும் புழங்குவது இந்தத் துருக்கித் தொடர்பால்தான். நீரைப் பிடிப்பதற்கான பரப்பை அந்த வளையங்கள் பெருக்கித் தருகின்றன. தட்டையான துணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

ஈண்டு கருதத்தக்கது வேறொன்று. கிறிஸ்டி அடிப்படையில் மானிடவியல் ஆர்வலர். பிரான்சில் குகைகளைத் தோண்டியவர். அவர் சேர்த்த கற்கருவிகளும் பிறவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆக, ஓர் அறிஞர் களஆய்வுக்குப் போய்வந்ததால் மக்களுக்குத் தலை துவட்டவாவது ஏதேனும் கிடைத்தது என்பதற்கு ஒரு சான்று உறுதியாக உள்ளது. இரண்டாவது சான்றை இவ்வாய்வாளர் தேடிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்டி நிறுவனத்தை 2006இல் வெல்ஸ்பன் என்னும் இந்திய நிறுவனம் வாங்கிவிட்டது. பின்காலனியக் கோட்பாட்டாளர்கள் இதைத் தவறவிட்டிருப்பது வியப்பளிக்கிறது. அன்று அவர்கள் குளிக்கவில்லை போலும்.

வகைப்பாடு

துண்டு இருவகைப்படும்: தேங்காய்ப்பூத் துண்டு, ஈரிழைத் துண்டு. முன்னது வளையம் உடையது, பின்னது இல்லாதது. வளையத் துண்டின் கனத்தை ‘ஜி.எஸ்.எம்.’ என்ற அளவால் சொல்வர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. குளியலுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 வரை. எழுநூறைத் தாண்டியதைக் கையில் எடுத்தால் ஒரு குழந்தையைத் தூக்கிய நிறைவு கிடைக்கும். நட்சத்திர ஓட்டலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அதே கனத்தில் வாங்கும் சென்னைவாசி, ஐப்பசியில் அது மூன்று நாளாகியும் காயாமல் தொங்குவதைப் பார்த்துத் தெளிவடைகிறார். கடலோரக் காற்றுக்குக் கனம் ஆகாது. சென்னிமலைப் பக்கத்து ஈரிழைத் துண்டு காலையில் நனைந்து மதியத்துக்குள் காய்ந்துவிடும், பழகப் பழக மெதுவாகும், விலையும் சொற்பம். இவற்றால் அதற்கு ஆய்வு மதிப்பு இல்லை.

கை துடைக்கும் துண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓரச்சீட்டின் பாடமும் பாடபேதங்களும்

துண்டின் ஓரத்தில் தைக்கப்பட்டிருக்கும் சிறு வெள்ளைச் சீட்டே இத்துறையின் மூலநூல். இதில் ஐந்து சித்திரங்கள் உள்ளன: ஒரு தொட்டி, ஒரு முக்கோணம், ஒரு சதுரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு வட்டம். சிலவற்றின் மேல் பெருக்கல் குறி கிடக்கும். மூலநூலை யாரும் படித்ததில்லை. ஆனால் உரைகள் நான்கு வழங்கிவருகின்றன: பெரியத்தை உரை, மாப்பிள்ளை உரை, விடுதி உரை, சலவைக்கடை உரை. பெரியத்தை உரையே பழமையானது. அதாவது மற்றவர்கள் பேசத் தொடங்கும் முன்பே அவர் பேசிவிடுவார்.

முதற்கண் தொட்டி. தொட்டிக்குள் ஓர் எண் உண்டு. நீரின் வெப்பத்துக்கு மேல்வரம்பு அது. இவ்வாய்வாளர் வீட்டுப் படியில் முதல் இலக்கம் துவைத்துத் துவைத்து மறைந்து பூஜ்யம் மட்டும் எஞ்சியிருந்தது. சிதைந்த இலக்கம் நான்கு என்பார் பெரியத்தை. (பெரியத்தை, தொலைபேசி உரை, ‘நமக்கெதுக்கு வம்பு’ எனத் தொடங்கும் பகுதி.) அது ஆறு என்பது மாப்பிள்ளை கொள்கை. இரண்டுமன்று, பூஜ்யமே மூலபாடம், ‘துவைக்கவே வேண்டாம்’ என்பதே நூலாசிரியர் கருத்து என விடுதி உரையாசிரியர் துணிவர். தம் கொள்கைக்கு ஆதாரமாக ஒரு பருவம் முழுக்கத் துவைக்காத துண்டைக் காட்டவும் செய்வர். அதைக் காட்டியபின் எதிர்வாதம் எழுந்ததில்லை, அவையும் நின்றதில்லை.

அடுத்து முக்கோணம். ‘வெளுப்பான் போடலாம்’ என்பது இதன் பொருள். பெருக்கல் குறி இருந்தால் கூடாது. குளோரின் வெளுப்பான் அழுக்கை மட்டும் பார்த்து நிற்பதில்லை, பருத்தி இழையையும் அரிக்கும் என்பதால் இந்த எச்சரிக்கை. இவ்வளவு எளிய விளக்கத்தை ஏற்றால் கட்டுரை நீளாது. முக்கோணம் மலையைக் குறிக்கும், மலைக்குப் போகும்போது இந்தத் துண்டை எடுத்துப்போகக் கூடாது என்பதே குறிப்பு என்பது பெரியத்தை உரை. (பெரியத்தை, மேலது, கொடைக்கானல் விடுதியில் ஒரு நல்ல துண்டு விட்டுப்போனதைச் சான்று காட்டும் இடம், விட்டுவந்தவர் யார் என்பதைச் சுட்டும் அடிக்குறிப்பு குடும்ப அமைதி கருதி இங்கே தரப்படவில்லை.) மின்கம்பத்திலும் முக்கோணம் இருப்பதால் இது அபாயக் குறி என்பர் மாப்பிள்ளை. அவர் பொறியாளர்.

சதுரத்துக்குள் வட்டம் உள்ள மூன்றாம் சித்திரம் பெரும் பூசலுக்கு இடமாயிற்று. இயந்திரத்தில் சுழற்றி உலர்த்தலாம் என்பது இதன் நேர்ப்பொருள். அந்த இயந்திரத்தைக் கண்டிராத நிலத்தில் உரைகள் கிளைப்பது இயல்பே. சதுரமான கட்டையும் நடுவே வட்டமும் கொண்டது கிணறன்றி வேறில்லை. அதன்மேல் பெருக்கல் குறி இருப்பதால் ‘கிணற்றடியில் துவைக்காதே’ என்பது கட்டளை என்பார் பெரியத்தை. கேரம் பலகை என்பது விடுதிப் பாடம். ‘நீங்க கொடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்’ என்பது சலவைக்கடை உரை. நான்கு உரைகளிலும் தெளிவானது இதுவே. (சலவைக்கடை, வாய்மொழி, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது, மறுபதிப்பு அடுத்த செவ்வாய், திருந்திய பதிப்பில் துண்டு வேறொருவருடையது.)

இறுதி வட்டம் கடைக்காரரின் உலர்சலவையைக் குறிக்கும். வட்டம் எங்கே தென்பட்டாலும் வெட்டவெளி என்று பொருள்கொண்டு சித்தர்களை அழைத்துவரும் ஓர் ஆய்வு மரபு நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் துண்டு தேவைப்படுமே என்று அதை இவ்வாய்வாளர் மறுக்கவில்லை.

இச்சீட்டு இப்போது கிடைப்பதில்லை. கழுத்தில் குத்துகிறது என்று அம்மா கத்தரித்துவிட்டார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்ட கதையைப் படித்துக் கண்ணீர் உகுத்தவர்கள் வீட்டுக் கத்தரிக்கோலைக் கண்டுகொள்ளாதது இரங்கத்தக்கது. மேற்கண்ட பாடம் முழுவதும் பெரியத்தை நினைவிலிருந்து மீட்கப்பட்டது. (பெரியத்தை சொல்ல, சித்தி கேட்டு, சித்தி மகள் கைப்பேசியில் பதிந்து, பதிவில் குக்கர் சத்தம் மிகுந்த இடங்களில் இவ்வாய்வாளர் ஊகித்து நிரப்பியது. அடைப்புக்குறிக்குள் இருப்பவை ஊகம், வெளியே இருப்பவையும்.)

பேணுமுறை

துண்டின் ஆயுளைக் குறைப்பவற்றுள் பாசத்துக்கே முதலிடம். பூப்போல இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சலவையிலும் ஊற்றப்படும் மென்மையாக்கி, இழைகளின் மேல் கொழுப்புப் படலமாகப் படிந்து நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. துண்டு மணக்கும், தடவுவதற்குச் சுகமாக இருக்கும், துடைக்காது. புதுத்துண்டும் ஆலை பூசி அனுப்பிய மெருகோடுதான் வருகிறது. அதனால் இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே அது உண்மையில் நீர் குடிக்கத் தொடங்கும். கடையில் வருடிப் பார்த்து வாங்கும் முறைக்கு இது ஒரு பேரிடி.

சோப்புத் தூளை அள்ளிக் கொட்டுவதும் பாசத்தின் பாற்பட்டதே. அலசியது போக மிஞ்சுவது வளையங்களின் அடியில் தங்கி அழுக்கை ஈர்க்கும். போர்த் தண்ணீர் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் குளியல் சோப்போடும் சலவைக் கட்டியோடும் சேர்ந்து கரையாத பிசுக்காகி, வெள்ளைத் துண்டைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் விறைப்பு தணியும். தூள் குறைந்தால் துண்டு தேறும். இதைச் சொன்ன எவரையும் வீட்டில் யாரும் மதித்ததில்லை.

கறை பற்றிய உட்பிரிவு தவிர்க்க இயலாதது. மஞ்சள் தேய்த்துக் குளித்தவர் துடைத்த துண்டில் சோப்புப் பட்டதும் கறை சிவந்து அச்சுறுத்தும். காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் அப்படித்தான் மாறும். வெயிலில் போட்டால் தானாக மங்கும். பருவ வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் நீலத் துண்டில் திட்டுத்திட்டாக ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றினால் சாயத்தைப் பழிக்க வேண்டாம். முகப்பருக் களிம்பில் உள்ள பென்சாயில் பெராக்சைடு நிறத்தை வெளுத்திருக்கிறது. எண்ணெய்க் குளியலுக்குத் தனித்துண்டு வைப்பதே அறிவு. நல்லெண்ணெய் பருத்திக்குள் இறங்கிக் காலப்போக்கில் சிக்கு வாடை அடிக்கும். அதன்பிறகு எந்தச் சோப்பும் அதனோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது.

நாற்றத்துக்கு நேர்மையான ஆய்வே உண்டு. ஈரத்துணியின் முடை நாற்றத்துக்கு மொரக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் நுண்ணுயிர் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். குளித்தவர் துண்டைச் சுருட்டிக் கட்டில்மேல் எறிவதே அதன் விளைநிலம். விரித்துப் போட்டால் போதும், வெந்நீரும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து அப்பளமாய் விறைக்கும் துண்டையும் ஜப்பானியர் விட்டுவைக்கவில்லை. காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து, காய்ந்த பின்னும் இழைப் பரப்பில் ஒட்டி நிற்கும் நீர், இழைகளை ஒன்றோடொன்று பசைபோல் பிணைப்பதே விறைப்புக்குக் காரணம் என்று 2020இல் காட்டின. அதற்காக அணுவிசை நுண்ணோக்கியில் துண்டு இழையைப் பார்த்தார்கள். இப்படி உண்மையிலேயே ஆராய்பவர்கள் இருக்கும்போது போலி ஆய்வாளனின் பிழைப்பு எவ்வளவு கடினம் என்பதை வாசகர் உணர வேண்டும். பிணைப்பை உடைக்கத் துண்டைக் கொடியில் போடும் முன்னும் எடுத்த பின்னும் நாலு உதறு உதறினால் போதும்.

வளையம் ஒன்று கொக்கியில் மாட்டி நீண்டு தொங்கினால் இழுக்காமல் கத்தரித்துவிட வேண்டும். இழுத்தால் வரிசை முழுவதும் உருவிக்கொள்ளும். இஸ்திரி போட்டால் வளையங்கள் படிந்துவிடும். துவைகல்லில் அடிப்பது பற்றிய கண்டனங்கள் சற்று மிகை: பருத்தி, நனைந்தால் வலுக்கூடும் அரிய இழை. அடித்தவர் கைதான் முதலில் ஓயும்.

ஆயுட்காலக் கோட்பாடு

நல்ல துண்டு இரண்டு முதல் ஐந்து ஆண்டு உழைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அக்கணக்கு துண்டைத் தூக்கி எறியும் நாடுகளுக்கானது. நம் வீடுகளில் துண்டு இறப்பதில்லை, பதவி இறங்குகிறது. குளியல் துண்டு, எண்ணெய்த் துண்டு, கால்மிதி, கரித்துணி, வண்டித்துணி என இதன் காலப்பகுப்பு ஏறத்தாழ ஒருமனதாக ஏற்கப்பட்டுள்ளது. சிக்கல் எல்லைக்கோட்டில்தான். குளியல் காலம் எந்த நாளில் முடிந்து கால்மிதிக் காலம் தொடங்குகிறது? ஓரத்தையல் பிரிந்த நாளே என்பர் ஒருசாரார். நடுவில் வெளிச்சம் தெரியும் நாளே என்பர் மற்றொரு சாரார். இரு தரப்பும் கட்டுரை வாசித்துக்கொண்டிருக்கையிலேயே முடிவை அம்மா இரவோடிரவாக எடுத்துவிடுகிறார். மறுநாள் காலை முகம் கழுவிய அப்பா, கண்ணில் சோப்போடு தம் துண்டைத் தேடி, கடைசியில் அதன் மேலேயே நின்றுகொண்டிருப்பதைக் காண்கிறார். வரலாற்றில் மாற்றம் நிகழ்வதை அதில் நிற்பவர் உணர்வதில்லை என்று இதிலிருந்து ஒரு கோட்பாடு வகுக்கலாம். வகுக்கப்போகிறவர் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்.

மேலாய்வுக்குரிய களம்

பீரோவின் மேல்தட்டில், நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே, உறை பிரியாத ஒரு ஜோடித் துண்டு இருப்பதாக நம்பத்தகுந்த செய்திகள் உள்ளன. ரோஜா நிறம் என்பர். ஏதோ ஒரு கல்யாணத்தில் வந்தவை. ஒரு முறையும் நனையாதவை என்பதால் ஒப்பீட்டுக்கு இவற்றைவிடச் சிறந்த படி அமையாது. ஓரச்சீட்டும் முழுதாக இருக்கக்கூடும். ஓலைச்சுவடி நூலகங்களில் அனுமதி கேட்டுப் பழகிய பணிவோடு இவ்வாய்வாளர் அம்மாவிடம் எழுத்துப்பூர்வமாகவே விண்ணப்பித்தார். எடுத்துப் புரட்டினால் பழசாகிவிடும், வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன செய்வது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்ற மாதம் பெரியத்தை வந்து நான்கு நாள் தங்கினார். அவருக்குக் கொடியில் இருந்த துண்டே கொடுக்கப்பட்டது. அவர் யாராவது அல்லவாம்.