ஃபார்மேட் தெய்வங்களுக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய தலைமையக ஐ.டி. பிரிவினரின் திருச்சமூகத்திற்கு,

பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியா நான்காம் ஃபேஸில் உள்ள நம் யூனிட்டின் இன்ஸ்பெக்‌ஷன் ரூமிலிருந்து அடியேன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் சர்வர்களின் நலத்துக்கும், இருபது டிகிரியில் ஏசி ஓடும் இந்த அறையில் ஸ்வெட்டர் போட்டபடி பிரார்த்தித்து வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை கஸ்டமர் ஆடிட் நடந்தது தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். பாகங்களை அளவெடுக்கும் சி.எம்.எம். மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டருக்கு 1 டிபி எஸ்.எஸ்.டி. அருளினீர்கள். கேபினெட் மேல் 'அப்கிரேடட்' என்று ஸ்டிக்கரும் ஒட்டினீர்கள். ஆடிட்டர் அதைப் படித்து மகிழ்ந்து, பம்ப் ஹவுசிங் ஒன்றின் பழைய ரிப்போர்ட்டைத் திறக்கச் சொன்னார். ரிப்போர்ட் வரவில்லை, டிஸ்க்கில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. சி டிரைவ் சிவந்து கிடந்தது. கொள்ளளவு 110 ஜிபி. பழைய டிஸ்க்கில் இருந்த அதே 110. மனிதர் ஸ்டிக்கரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா தங்கள் மெயில் என் செல்லில் வந்து விழ வேண்டும்? 'உங்கள் டிக்கெட் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' ஆடிட்டரும் எட்டிப் படித்தார்.

தாங்கள் அனுப்பிய தம்பியை உடனே அழைத்தேன். வந்தவர் திரையைக்கூடப் பார்க்காமல் திருவாய் மலர்ந்தார்: "ஃபார்மேட் மாடிபிடோணா சார்?" ஃபார்மேட் பண்ணிவிடலாமாம்.

தங்கள் துறையின் மூலமந்திரம் இது என்பதை அறியாதவனல்ல நான். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் ஃபார்மேட். எக்செல் தொங்கினால் ஃபார்மேட். மவுஸ் பேட்டரி தீர்ந்ததற்கே ஒருமுறை ஃபார்மேட் சிபாரிசு ஆனதாக ஸ்டோர்ஸில் ஒரு கதை உலவுகிறது. எனக்கு முழங்கால் வலி. அதைப் பற்றித் தங்களிடம் மூச்சு விடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஆனாலும் மேன்மை தங்கியவர்களே, நான் கேட்டது ஃபார்மேட் அல்லவே! இருக்கிற விண்டோஸை, இருக்கிறபடியே, பெரிய டிஸ்க்குக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். தம்பி பாதி வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். பழைய டிஸ்க்கை அச்சு அசலாக குளோன் எடுத்திருக்கிறார். அச்சு அசல் என்றால் அளவும் அசல்தானே? சி டிரைவ் 110 ஜிபி என்றால் அங்கேயும் 110. அதை ஒட்டி ரெகவரி பார்ட்டிஷன். அதற்கும் அப்பால் எண்ணூறு ஜிபிக்கு மேல் யாருக்கும் ஒதுக்கப்படாத பொட்டல். (1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 என்று தெரிவதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் ஆயிரத்தால் பெருக்குகிறான், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அந்தப் பாவம் தங்களைச் சேராது.)

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்று ஒன்று இருக்கிறது. தொட்டடுத்து வலப்பக்கம் காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். இங்கே நடுவில் ரெகவரி பார்ட்டிஷன், வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் நடையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடித்தனக்காரரைப் போலக் கிடக்கிறது. ஆகவே அந்த வரி சாம்பல் பூத்து நின்றது. தம்பி அதைக் கிளிக்கினார், கிளிக்கினார், பிறகு மந்திரத்துக்குத் திரும்பினார்.

அந்தப் பார்ட்டிஷனை அசைப்பது தேவ ரகசியமும் அல்ல. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த 5034441 எண் அப்டேட், ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் ஏராளமான கம்ப்யூட்டர்களில் தோற்றது. சி டிரைவில் 250 எம்பி குறைத்து அதைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று கட்டளை வரிகளை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது. குளோன் எடுக்க தைவானின் உயர்திறன் கணினி மையம் உருவாக்கிய குளோன்சில்லா இலவசம். புதிய டிஸ்க்கின் அளவுக்கு ஏற்ப பார்ட்டிஷன்களை விகிதப்படி விரித்து எழுதவும் அதில் வழி இருக்கிறது. பார்ட்டிஷனை நகர்த்த ஜிபார்ட்டட், அதுவும் இலவசம். பர்ச்சேஸ் ஆர்டர்கூட வேண்டாம், பிரபுக்களே!

ஆகஸ்ட் 2025-இல் நம் வாசலுக்கு மஞ்சள் தட மெட்ரோ வந்தது. ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர். ஓட்டுவதற்கு மூன்றே ரயில், 25 நிமிடத்துக்கு ஒன்று. நாங்களும் முணுமுணுத்தோம். ஆனால் எந்த அதிகாரியும் தூண்களை எல்லாம் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டிவிடலாமா என்று கேட்கவில்லை. ரயில் வர வர இடைவெளி குறைந்தது. மெட்ரோ தங்கள் துறையின் கீழ் வராதது பெங்களூரு செய்த புண்ணியம். வந்திருந்தால் சில்க் போர்டு ஜங்ஷன் இந்நேரம் ஃபார்மேட் ஆகியிருக்கும்.

உண்மையைச் சொல்லட்டுமா? ஃபார்மேட் பண்ணினால் உங்களுக்கு என்ன போகிறது? அரை மணி நேரம். எங்களுக்கு மெஷின் போகிறது. அளவெடுக்கும் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் அந்த விண்டோஸோடு முடிச்சுப் போட்டது. விற்றவர்கள் அந்த வெர்ஷனையே கைவிட்டாயிற்று. புதிதாக வாங்கு என்கிறார்கள். புரோப் காலிப்ரேஷன், ஒவ்வொரு பார்ட்டுக்கும் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம்கள், எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு 14 அக்டோபர் 2025-உடன் ஆதரவு முடிந்தது, 11-க்குப் போ என்று சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். இந்த பிராசசரை 11 ஏற்காது. இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பே கிடையாது. இதெல்லாம் டிக்கெட்டில் எழுதியிருந்தேன். படித்தீர்களா? குளோனிங் உங்கள் சர்வீஸ் கேட்லாக்கில் இல்லை என்பதற்காக, பயிற்சியே தராமல் ஒரு கான்ட்ராக்ட் பையனை அனுப்பி, ஆடிட்டர் முன்னால் அவனை வேர்க்க வைத்தீர்களே, இருபது டிகிரி அறையில்! அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபார்மேட்டைத் தவிர வேறெதையும் அவனுக்குச் சொல்லித் தராதவர்கள் மேல்தான்.

மன்னிக்க வேண்டும், ஏசி ஒரு கணம் நின்றுவிட்டது. மீண்டும் தங்கள் பாதாரவிந்தங்களுக்கே வருகிறேன்.

அடியேன் வேண்டுவது சிறு வரம். அதே தம்பி வரட்டும், ஜிபார்ட்டட் ஏற்றிய பென்டிரைவோடு. முதலில் பேக்கப் எடுக்கட்டும். ரெகவரி பார்ட்டிஷனைக் கடைசிக்குத் தள்ளி, சி டிரைவை விரிக்கட்டும். டீயும் மசால் தோசையும் என் செலவு. அவர் கற்றுக்கொண்டதை கேட்லாக்கில் ஒரு வரியாகச் சேர்த்தால், பக்கத்து யூனிட்காரர்களும் தங்களை வாழ்த்துவார்கள்.

கடைசியாக ஒன்று. அசெட் ரிஜிஸ்டரைக் காரணம் காட்டி, பழைய டிஸ்க்கைத் தலைமையகத்துக்கு அனுப்பும்படி ஆணையிட்டிருக்கிறீர்கள். அங்கு வந்ததும் அதற்கு என்ன நடக்கும் என்று தெரியும். ஆகவே அது காஜ் பீரோவில் மாஸ்டர் ரிங்குகளுக்கு நடுவே பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில். சி டிரைவ் விரியும்வரை அனுப்புவதாக இல்லை. மெமோ கொடுப்பதென்றால் கொடுங்கள், ஃபைல் பண்ணிக்கொள்கிறேன். மெமோவை பேப்பரில் தரவும், சிஸ்டத்தில் இடமில்லை.

இப்படிக்கு,
தங்களால் இன்னும் ஃபார்மேட் செய்யப்படாத
இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ்,
பொம்மசந்திரா யூனிட்