பூச்சியம் பவுண் வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

“லண்டனுக்குப் போயும் மொறிஸ் மைனரோ?” என்று போன ஞாயிறு கேட்டீர்கள். மறுமொழி சொல்ல வேண்டியவர் அந்நேரம் காருக்குக் கீழே கிடந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஆகையால் உங்கள் மருமகனுக்குப் பதிலாக உங்கள் மகளே எழுதுகிறாள்.

கார் 1965இல் செய்தது. நாலு கதவு, சாம்பல் நிறம், உள்ளே சிவப்பு இருக்கை. அதை வாங்க அவர் சொன்ன காரணம் அழகுமல்ல, பாசமுமல்ல. சட்டம். இந்த நாட்டில் காருக்கு நாற்பது வயது தாண்டினால் அது வரலாற்று வாகனம். வீதி வரி பூச்சியம். பூச்சியம்தானே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. வருடா வருடம் விண்ணப்பித்து அந்தப் பூச்சியம் பவுணைக் கட்டியே ஆக வேண்டும்; தவறினால் தண்டம் வரும். மருமகன் அதற்காக நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு, முதல் நாள் இரவே பத்திரங்களை மேசையில் அடுக்கி வைப்பார். “கட்டியாச்சு” என்று அறிவிக்கும்போது வீட்டுக் கடன் முழுவதையும் அடைத்த ஆளின் முகம். வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் வேறு வைக்கிறார். தாளுக்கும் மைக்கும் போன காசு வரியைவிடக் கூட.

வருடாந்தப் பரிசோதனையும் கிடையாது. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நாற்பது வயதுக் கார்களுக்கு அது கட்டாயமில்லை. மூன்று வயதுப் பிள்ளையை வருடா வருடம் டொக்டரிடம் காட்டு, எண்பது வயதுக் கிழவரை அவர் பாட்டில் விடு என்பது போன்ற நியாயம். லண்டனின் புகைக் கட்டணமும் இந்தக் காருக்கு இல்லை. 2023 ஓகஸ்ட் முதல் நாங்கள் இருக்கும் ஹரோ உட்பட நகரம் முழுவதும் அந்த விதி இருக்கிறது: புகைத்தரம் போதாத வாகனம் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50 பென்ஸ். நத்தார் நாளில் மட்டும் விடுதலை. கறுப்புப் புகை கக்கும் 1965 மைனர் கமராவுக்கு முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம் போகலாம். உங்கள் மகளின் 2012 டீசல் கார் கட்ட வேண்டும். அதுவும் கட்டணம் நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்கு. இரவு வேலைக்குப் போய் விடியத் திரும்பினால் இரண்டு நாள் காசு, 25 பவுண். இலவசமாக ஓடும் கார் இருக்க ஏன் டீசலில் போகிறாய் என்று அம்மா கேட்பா. இலவசக் கார் அந்தரத்தில் நிற்கிறதே!

அந்தரத்துக்குக் காரணம் புஷ். வேகத்தடையில் ஏறி இறங்கினால் “டொக்” என்றது; பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது. முன் சில்லின் கீழ்க்கையைச் சட்டத்தோடு பிணைக்கும் கண் போல்ற்றைச் சுற்றி, இரண்டு பாதியாக உட்காரும் றப்பர் கரைந்து போயிருந்தது. முன்னால் போகும் கம்பியின் றப்பரும் அப்படியே. பரிசோதனை இல்லை என்பதற்காக ஆபத்தான காரை ஓட்டலாம் என்றில்லை. பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம். ஆகவே ஸ்பானர் பெட்டி திறந்தது.

பெட்டியில் இருந்ததெல்லாம் மில்லிமீற்றர் ஸ்பானர். காரோ அங்குலக் காலத்தது. ஒன்பது பதினாறாம் அங்குல நட்டுக்கு 14 ஏறாது, 15 போட்டால் மூலை வழிந்துவிடும். அங்குல செற் ஒன்று வந்தது. காரைத் தாங்க இரும்புக் குதிரைகள் வந்தன. மைனரில் முன்பக்கம் சுருள் வில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீட்டுக்குப் போகும் உருக்குக் கம்பி முறுகித்தான் பாரம் தாங்குகிறது. கீழ்க்கைக்கு ஜக் கொடுக்காமல் கழற்றினால் அந்த முறுக்கு மொத்தமும் ஒரே அடியில் இறங்கும். இவ்வளவு யோசித்து இதைச் செய்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 கண்காட்சிக்குப் போகுமுன் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று மாதிரியை நடுவால் அறுத்து நாலு அங்குலம் அகட்டிய மனிதர். ஏற்கெனவே செய்து வைத்த பம்பர்களையும் அறுத்து நடுவில் துண்டு ஒட்டினார்களாம். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும், தேநீருக்கு முன்னமே, இந்த நாலு அங்குலக் கதை உண்டு.

புது றப்பருக்கு ஒரு சட்டம். கார் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில் ஊன்றி, பாரம் இறங்கி, வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகே கடைசி இறுக்கு. றப்பர் சுழலுவதில்லை, பிடித்த இடத்திலிருந்து முறுகுகிறது. தொங்கலில் இறுக்கினால் நிற்கும்போதே முறுகிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். இதற்குக் காரின் சொந்தப் பாரமே போதும். மருமகனுக்குப் போதவில்லை. சாரதி ஆசனத்தில் தன் பாரம் வேண்டும் என்றார், தானோ கீழே கிடக்க வேண்டும். கடைசியில் சில்லுகளைச் சாய்மேடையில் ஏற்றி, ஆசனத்தில் உங்கள் மகளை இருத்தி, இருவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மடியில் பத்துக் கிலோ சம்பா மூட்டையும் வைத்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி நாயோடு நின்று பார்த்துவிட்டு, உதவிக்கு யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

மூட்டையோடு இருக்கும்போதுதான் மணந்தது. பழைய இருக்கைத் தோல், எண்ணெய், கொஞ்சம் பெற்றோல். யுத்தத்தில் ஊருக்குப் பெற்றோல் வராத அந்த வருடங்களில் நீங்கள் மருந்துப் போத்தலால் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உங்கள் ஏ40 காரைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்களே, அந்த மணம் இதில் முழுதாக இல்லை, மண்ணெண்ணெய் குறைகிறது. லொறி ரயரை வெட்டி நீங்கள் போட்ட புஷ் எத்தனை முறை பருத்தித்துறைக்குப் போய் வந்தது! இங்கே மருமகன் றப்பரா பொலியூறதேனா என்று ரொறன்ரோ மச்சானோடு இரவிரவாகத் தர்க்கம். பொலியூறதேன் கனகாலம் நிற்குமாம், சிலிக்கோன் கிறீஸ் போடாவிட்டால் கிறீச்சிடுமாம். இருவரும் ரயர் புஷ்ஷைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் மகள் சொன்னாள், நன்றாகவே சொன்னாள்.

பக்கத்து வீட்டுக் கிழவியிடம் இன்னொன்றும் சொன்னாள். 1990களில் பாத் நகரத்துச் சார்ள்ஸ் வெயார் என்பவர் மைனருக்கான தகட்டுச் சாமான்களை இலங்கையில் செய்வித்து இங்கே இறக்கினார். இங்கிலாந்துக்காரனே நம்மிடம் வாங்கியிருக்கிறான் என்றதும் கிழவி வாயடைத்துப் போனாள். மருமகன் அன்று முழுதும் அதைத் தானே செய்து அனுப்பியவர் போலத் திரிந்தார்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் அடுத்த கிழமை என்கிறார். அதோடு சில்லைத் தாங்கும் ற்றனியனும் பார்க்க வேண்டுமாம். கிறீஸ் காணாமல் தேய்ந்து கழன்றால் சில்லே மடங்கிவிடும் என்பது உண்மைதான், மறுக்க முடியாது.

இதற்கிடையில் டீசல் காரும் வேகத்தடையில் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. சொன்னபோது அவர் தலையை வெளியே நீட்டாமலே மறுமொழி சொன்னார்: “அதை கராஜில குடும். புதுக் கார் எனக்குப் பழக்கமில்லை.”

அன்புடன்,
உங்கள் மகள்